மஞ்சள் கட்டம்

அக்டோபர் 9, 2024, புதன்

பழைய தரவைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற வாடிக்கையாளர் தரவேண்டிய ஒப்புதல் கையெழுத்து இன்றும் வரவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

சோதனைக் குழுத் தம்பியிடம் சோதனையை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். ஐந்து என்றான். எல்லாம் கூடிவந்தால்? மூன்று. எதுவுமே ஒத்துவராவிட்டால்? கொஞ்சம் யோசித்து, "பதின்மூன்று மேடம்" என்றான். ஐந்தை நான்கால் பெருக்கி, மூன்றையும் பதின்மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்தால் ஆறு. 1958இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் பிறந்த கணக்கு இது. அட்டவணையில் ஆறு என்று எழுதியாகிவிட்டது. அந்தப் பதின்மூன்றுதான் உறுத்துகிறது. எதை நினைத்துச் சொன்னான்?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அத்தை என் மடிக்கணினிக்கும் பொட்டு வைத்து, இன்று திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிரல் எழுதிய காலத்தில் அந்தப் பொட்டுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. எக்செல் கட்டங்களுக்கும் சரஸ்வதி பொறுப்பேற்பாளா, தெரியவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பு. 180 கேள்விகள், 230 நிமிடங்கள். அதில் 42 சதவீதம் மனிதர்களைச் சமாளிப்பது பற்றி. "திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?" என்றே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆராய்ந்து பார், உரியவரிடம் பேசு என்பதுதான் பெரும்பாலும் விடை. உரியவர் யார் என்றே தெரியாத கேள்வி ஒன்றுகூட இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

வாராந்திர அறிக்கையில் திட்டத்தின் நிலைக்கு மஞ்சள் போட்டேன்; பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் சிக்கல், மஞ்சள் என்றால் கவனம் தேவை. பத்து நிமிடத்தில் என் மேலதிகாரியான பெரியவரிடமிருந்து அழைப்பு. "பச்சையாக்கிவிடுங்கள், வெள்ளிக்குள் சரியாகிவிடும். வாடிக்கையாளரை ஏன் கலவரப்படுத்துகிறீர்கள்?" எதனால் வெள்ளிக்குள் சரியாகும் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயரே உண்டு: தர்பூசணி அறிக்கை. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. திரை வடிவமைப்பு ஒரு வாரம் தள்ளிப்போனாலும் வெளியீட்டுத் தேதி அசையாது. எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பழைய தரவை மாற்றுவதற்கான ஒப்புதல் ஒரு நாள் தள்ளினால் எல்லாமே ஒரு நாள் தள்ளும். அதை யாரும் கேட்பதில்லை. மஞ்சளைப் பார்த்தாலாவது யாராவது கேட்பார்கள் என்றுதான் போட்டேன். பதவி உயர்வுப் பட்டியல் அவர் மேசையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

மாற்றவில்லை.

இரவு இவர் வெள்ளத்துக்குப் பயந்து காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வந்தார். ஏற்கெனவே வரிசை கட்டி நிற்கிறதாம்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. ஐ.டி. ஊழியர்களை 18ஆம் தேதி வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடுங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டிருக்கிறது. யார் வீட்டில் இன்வெர்ட்டர், யார் தரைத்தளம் என்று காலையில் ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தேன். தம்பிக்குப் பள்ளிக்கரணையில் தரைத்தளம். போன டிசம்பர் புயலில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர், நான்கு நாள் மின்சாரம் இல்லை. "அதையும் சேர்த்துத்தான் மேடம் பதின்மூன்று சொன்னேன்."

சோதனைத் தரவின் நகலை மேடவாக்கத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் பெண்ணுக்கும் கொடுக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தான்.

அக்டோபர் 16, புதன்

சிவப்பு எச்சரிக்கை. சொன்ன அளவுக்கு மழை இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அதிகாலையில் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துவிட்டது. மேம்பாலத்துக் கார்களைக் கேலி செய்து காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே படங்கள். சிரிக்க வரவில்லை. கூட்டத்தில் பெரியவரும், "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்றார். மழையைச் சொன்னாரா, மஞ்சளைச் சொன்னாரா?

அக்டோபர் 21, திங்கள்

கையெழுத்து இல்லை. பட்டியலும் இல்லை. மறுபடியும் மஞ்சள்.

அக்டோபர் 23, புதன்

வாடிக்கையாளர் தரப்பு அம்மையார் தாமே அழைத்தார். ஏன் இரண்டு வாரமாக மஞ்சள்? சொன்னேன். இருங்கள் என்று யாரையோ கேட்டுவிட்டு வந்தார். கையெழுத்திட வேண்டியவர் செப்டம்பரிலேயே வேறு பிரிவுக்குப் போய்விட்டாராம். நாங்கள் அனுப்பிய நினைவூட்டல்களெல்லாம் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்திருக்கின்றன. மாலைக்குள் அம்மையாரே கையெழுத்திட்டு அனுப்பினார்.

பெரியவருக்கு அந்தக் கோபம். "என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாமே."

அக்டோபர் 25, வெள்ளி

தீபாவளிக்கு முன் வெளியீடு இல்லை. நவம்பர் 9, சனிக்கிழமை. பட்டியல் திங்களன்று என்கிறார்கள்; போன வாரமும் திங்கள் என்றுதான் சொன்னார்கள்.

தம்பிக்கு 29ஆம் தேதி இரவு கிளாம்பாக்கத்திலிருந்து ஊருக்கு பஸ். டிக்கெட்டை ரத்து செய்யட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். போய்வரச் சொல்லிவிட்டேன். அவன் இல்லாத நாட்களைக் கழித்துவிட்டு அட்டவணையை இன்றிரவே மறுபடி போட வேண்டும்.