ஃபென்ஸ் மேல் போட்ட பழி

டேபிள் சாவில், அதாவது மேஜைக்கு மேலே வட்டப் பிளேடு எட்டிப் பார்க்கும் அறுப்பு மெஷினில், அலமாரிக் கதவுகளுக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் முதலில் கவனித்தேன். 60 மில்லிமீட்டர் அகலத்தில் எட்டுச் சட்டங்கள் வேண்டும். அறுத்த ஒவ்வொன்றிலும், ஃபென்ஸை (பலகை ஒட்டி நகரும் பக்கத் தடுப்பை) ஒட்டி வந்த துண்டின் அறுத்த விளிம்பு கருகியிருந்தது. பலகை ஒரு சாண் உள்ளே போகும்வரை லேசாக நகரும். அதன் முனை பிளேடின் பின்பக்கப் பற்களைத் தொட்டதும் இறுகிவிடும். மோட்டார் முனகும், அப்புறம் புகை வாடை.

ஏழாவது சட்டத்தை அறுக்கும்போது பலகையின் பின்முனை மேஜையிலிருந்து லேசாகத் தூக்கியது. உடனே மெஷினை நிறுத்திவிட்டு, மிச்சத்தை மறுநாள் பார்க்கலாம் என்று வைத்தேன். பிளேடின் முன்பற்கள் மரத்தைக் கீழே அழுத்தும். பின்பற்களோ மேஜைக்கு அடியிலிருந்து மேலே எழுந்து வரும். பலகை அந்தப் பற்களுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கினால், அவை அதைத் தூக்கி நம் பக்கமே எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல்லின் முனை மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ரைவிங் நைஃப் (பிளேடுக்குப் பின்னால் நின்று வெட்டு மூடாமல் தடுக்கும் தகடு) பொருத்தியிருந்ததும், பிளேடுக்கு நேராக நிற்காமல் இடப்பக்கம் தள்ளி நின்றதும் அன்று எனக்குத் தைரியம் கொடுத்தன. கருகல் என்பது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஃபென்ஸைத்தான் சந்தேகித்தேன். டேப்பை வைத்து முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் ஃபென்ஸுக்கு எவ்வளவு இடைவெளி என்று அளந்தேன். பின்னால் குறைவாக இருந்தது. ஃபென்ஸின் திருகுகளைத் தளர்த்தி, பிளேடுக்கு இணையாகத் திருப்பி முறுக்கினேன். கருகல் நின்றது. மிச்சச் சட்டங்கள் வெண்ணெய் மாதிரி வந்தன. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, 300 மில்லிமீட்டர் அகலப் பலகை ஒன்றை ஸ்லெட்டில் (மேஜைமேல் வழுக்கி ஓடும் தட்டில்) வைத்துக் குறுக்கே அறுத்தேன். வலப்பக்கத் துண்டின் முனையில் பிறை பிறையாகக் கீறல்கள்; ஓரத்தில் சிராம்பு வேறு. ஸ்லெட் ஓடும்போது ஃபென்ஸுக்கு வேலையே இல்லை. மேஜையில் முன்னும் பின்னுமாக ஓடும் மைட்டர் பள்ளத்தைப் பிடித்துத்தான் அது போகிறது. அப்படியானால் கோணல் பிளேடில். நான் செய்தது, கோணலாக இருந்த பிளேடுக்கு ஏற்ப நேராக இருந்த ஃபென்ஸையும் கோணலாக்கியதுதான்.

இதை இன்னும் எத்தனையோ பேர் செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பலன் உடனே தெரிகிறது. ஃபென்ஸை ஒட்டி நீளவாக்கில் அறுக்கும் நேரறுப்பில் மட்டும் தொந்தரவு என்றால் ஃபென்ஸைப் பாருங்கள். குறுக்கறுப்பிலும் இருந்தால் முதலில் பிளேடு. எந்தத் துண்டு கருகுகிறது என்பதும் பேசும். ஃபென்ஸ் பக்கத் துண்டு கருகினால் பின்னால் இடைவெளி குறுகுகிறது. வெளிப்பக்கத் துண்டு கருகினால் பின்னால் அளவுக்கு மேல் விரிகிறது. இரண்டும் கருகினால் பிளேடு மழுங்கியிருக்கலாம், பல்லில் பிசின் ஏறியிருக்கலாம், நாம் மெதுவாகத் தள்ளியிருக்கலாம்.

மேஜையில் நாம் நகர்த்த முடியாத ஒன்று மைட்டர் பள்ளம். அதனால் எல்லா அளவும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பள்ளத்தில் ஆடாமல் ஓடும் ஒரு மரக்கட்டையில் டயல் கேஜை, அதாவது மிகச் சிறு விலகலையும் முள்ளால் காட்டும் அளவியை, திருகினேன். ஒரு பல்லுக்குப் பென்சிலில் குறி போட்டு, அதன் பக்கத்தில் பிளேடின் தகட்டில் முள்ளை வைத்து முன்னால் சுழியம் ஆக்கினேன். பிறகு அதே பல்லைக் கையால் பின்னுக்குச் சுற்றிக் கொண்டுபோய் அளந்தேன். அதே பல் என்பது முக்கியம். தகட்டில் சிறு நெளிவு இருந்தாலும் அது கணக்கில் சேராது. முள் 0.35 மில்லிமீட்டர் காட்டியது.

என் மெஷினில் மோட்டார் தொகுதி மேஜைக்கு அடியில் நான்கு போல்ட்டில் தொங்குகிறது. மூன்றைத் தளர்த்தி, நான்காவதை லேசாக மட்டும் விட்டு, மரச் சுத்தியலால் தட்டினேன். தட்டுவது சுலபம், முறுக்குவதுதான் கஷ்டம். ஒரு போல்ட்டை முழுசாக முறுக்கியதும் முள் மறுபடி ஓடிவிடும். நான்கையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, ஐந்தாவது தடவையில் 0.04-க்குக் கொண்டுவந்தேன். முதுகு விண்ணென்று வலித்தது. ஆனால் அந்த முள் அசையாமல் நின்றதைப் பார்த்தபோது இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம்தான் ஃபென்ஸ். அதையும் பள்ளத்துக்கு இணையாகவே வைத்தேன், பின்முனை மட்டும் 0.05 மில்லிமீட்டர் விலகியிருக்கும்படி. சரியாக இருந்தது. ஆனால் கைப்பிடியைத் தூக்கி மறுபடி பூட்டியதும் முள் 0.2 காட்டியது. இன்னொரு முறை பூட்டினால் 0.1. பூட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கோணம். ஃபென்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பார்த்தேன். முன் தண்டவாளத்தில் உட்காரும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளில் ஒன்றின் மேல் மரத்தூள் மெழுகு மாதிரி இறுகிப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. தண்டவாளத்தையும் துடைத்தேன். அதன் பிறகு, ஃபென்ஸின் தலையைத் தண்டவாளத்தோடு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு பூட்டினால், பத்து தடவையும் 0.03-க்குள் நின்றது. வாலைப் பிடித்து இழுத்தபடி பூட்டும் என் பழைய பழக்கத்தை விட்டுவிட்டேன்.

சோதிக்க எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டைத்தான் எடுத்தேன். மரத்தில் உள்ளே இறுக்கம் இருந்தால் அறுக்க அறுக்க வெட்டு தானாக மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அந்தக் கருகலையும் ஃபென்ஸின் கணக்கில் எழுதிவிடுவோம். எம்.டி.எஃப். விளிம்பு இரண்டு பக்கமும் கோடே இல்லாமல் வந்தது. ஸ்லெட்டிலும் பிறை இல்லை.

பிளேடை 45 பாகைக்குச் சாய்த்து அளந்தால் மட்டும் இன்னும் 0.15 காட்டுகிறது. அதற்கு மேஜைக்கும் மோட்டார் தொகுதிக்கும் நடுவே மெல்லிய தகடு வைக்க வேண்டும். எந்த இரண்டு போல்ட்டுக்கு அடியில் என்று குறித்து வைத்திருக்கிறேன்.