சுற்று சரி, வளையம் தப்பு

மூன்று நாளாக என் ஹாம் ரேடியோ ஆன்டெனாவில், 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) இறங்கவே இல்லை. கேபிளின் 50 ஓமை ஆன்டெனாவின் 2,450 ஓமோடு பொருத்த, கையால் சுற்றிய 49:1 டிரான்ஸ்ஃபார்மர்; ஒரு பக்கம் 2 சுற்று, மறுபக்கம் 14 (ஏழு மடங்கு சுற்று, ஓமில் அதன் வர்க்கம்). கம்பி மேலிருக்கும் எனாமல் பூச்சு சரியாகப் போகவில்லையோ என்று முனைகளை மறுபடி சுரண்டி ஈயம் வைத்தேன். ஆன்டெனாவைக் கழற்றி 2,450 ஓம் ரெசிஸ்டரை மாட்டினாலும் அதே கதை.

அப்புறம்தான் கம்பியைச் சுற்றியிருந்த ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தின் மேல் சந்தேகம். பழைய சுற்றை அவிழ்த்துவிட்டு, 10 சுற்று போட்டு எல்சி மீட்டரில் இண்டக்டன்ஸை அளந்தேன். நான் நினைத்திருந்த எஃப்டி240-43 (43 ரகப் பொருளில் செய்த வளையம்) என்றால் 100 மைக்ரோஹென்றியைத் தாண்டும். வந்தது வெறும் 17. அடப்பாவி, இது 61 ரகம்! அதில் 2 சுற்றுக்கு 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 30 ஓம்தான் ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் தடை), கேபிளின் 50 ஓமைவிடக் குறைவு. எப்படி உருப்படும்?

இரண்டு ரகமும் பெயின்ட் இல்லாத ஒரே சாம்பல் நிறம். விற்றவரையும் குறை சொல்ல முடியவில்லை. விரலில்தான் கொப்புளம்.