அம்மாவின் ஜெபமாலையோடு கொல்கத்தாவுக்கு

அன்னை தெரசா இறைவனடி சேர்ந்த 1997-க்கு மறு ஆண்டு, மஞ்சள் காமாலை முற்றி நான் பிழைப்பேனா என்று தெரியாமல் கிடந்தபோது, என்னை அன்னையின் கல்லறைக்கு அழைத்து வருவதாக என் அம்மா நேர்ந்துகொண்டார். பள்ளிக் கட்டணம், அக்காள் திருமணம், அப்பாவின் கடன் என்று அந்த நேர்த்திக்கடன் ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போனது. நானோ வேலைக்குச் சென்ற பிறகு ஞாயிறு திருப்பலிக்குப் போவதையே விட்டுவிட்டேன். சென்ற தவக்காலத்தில் அம்மாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும், அவருடைய ஜெபமாலையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஹவுரா ரயிலில் ஏறினேன். பக்தியால் அல்ல, அம்மாவின் கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்பதற்காகவே புறப்பட்டேன்.

ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து இறங்கியதும் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மொழி தெரியாத பெண் என்று கண்டுகொண்ட ஒருவர், ஊரையெல்லாம் சுற்றிக்காட்டி மூன்று மடங்கு வாடகை வாங்கிக்கொண்டார். அவ்வளவும் பட்டு, அன்னை நிறுவிய அருட்சகோதரிகள் சபையின் தலைமையகமும் அவருடைய கல்லறையும் உள்ள அன்னை இல்லத்தின் வாசலை அடைந்தால், அன்று வியாழக்கிழமை. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. அந்தச் சந்தில் பெட்டியோடு நின்று நான் அழுதேன்.

மறுநாள் காலை 6 மணித் திருப்பலிக்குச் சென்றேன். மாடியில் உள்ள சிற்றாலயத்தில் அருட்சகோதரிகளோடு தரையில்தான் அமர வேண்டும். திறந்த சன்னல்களின் வழியே பேருந்துகளின் இரைச்சல் குருவானவரின் குரலையே மூழ்கடித்தது. பாடுபட்ட சுரூபத்தின் அருகே சுவரில், அச்சபையின் சிற்றாலயங்கள் எல்லாவற்றிலும் காணப்படும், சிலுவையிலிருந்து ஆண்டவர் சொன்ன 'தாகமாய் இருக்கிறது' என்ற சொல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில் அன்னையை ஏழைகளிடம் அழைத்த அழைப்பு அந்தத் தாகத்திலிருந்தே வந்தது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறேன்; ஆனால் படித்ததோடு சரி.

கீழே கல்லறையில், எளிய வெண்பளிங்கின் மேல் செவ்வந்தி இதழ்களைப் பரப்பியிருந்தார்கள். செபிக்க வந்தவர்களை முழங்கையால் ஒதுக்கிவிட்டுச் சிலர் படமெடுத்துக்கொண்டே இருந்தது மனத்தை வருத்தியது. அவர்கள் நகர்ந்த பிறகு ஜெபமாலையைப் பளிங்கின்மீது வைத்து நெற்றியைப் பதித்தேன். ஒரு செபமும் வாயில் வரவில்லை. கடன் தீர்ந்தது, ஆனாலும் நெஞ்சின் பாரம் அப்படியே இருந்தது.

ஒரு சகோதரி சொன்னபடி தொண்டு செய்யப் பெயரைப் பதிந்துகொண்டு, சாகும் நிலையில் இருப்பவர்களுக்காகக் காளிகாட் கோயிலை ஒட்டி 1952-இல் அன்னை தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லத்துக்கு மறுநாள் சென்றேன். கோயிலுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்த தரகர்களிடமிருந்து விடுபட்டு உள்ளே நுழைவதே பெரும்பாடாயிற்று. பெண்கள் பகுதியில் துணி துவைத்து முடித்த வேளையில், கட்டிலில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஒரு முதியவள் என்னைப் பார்த்து, "ஜோல்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. வறண்ட உதடுகளை அவள் நாவால் தடவிக் காட்டியபோதுதான் புரிந்தது.

என் அம்மாவும் கடைசி நாளில் தண்ணீர்தான் கேட்டார். தொண்டைக்குள் குழாய் இருந்ததால் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணால் கேட்ட அவரைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன். அந்தக் கண்களிலிருந்து ஓராண்டாக ஓடிக்கொண்டிருந்த நான், இப்போது ஒரு தேக்கரண்டியால் அந்தப் பாட்டிக்குத் தண்ணீர் புகட்டினேன். ஒவ்வொரு மிடறுக்கும் நேரமானது. குடித்து முடித்ததும் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, விடாமலே உறங்கிப்போனாள். சிற்றாலயச் சுவரில் கண்ட அந்தச் சொல் அப்போதுதான் எனக்குள் இறங்கியது. அம்மாவின் தாகத்தையும் அந்தப் பாட்டியின் தாகத்தையும் தமதாகவே கொண்டிருந்த என் ஆண்டவரே, உம்மை மறந்திருந்த என்னிடம் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டு வந்தீரே, உமக்கு நன்றி! என்னை நேர்ந்துவிட்ட என் தாயே, உனக்கும் நன்றி!

இரண்டு நாள் தங்குவதாகச் சென்றவள் ஆறு நாள் தங்கினேன். புறப்படும் அன்று பாவசங்கீர்த்தனம் செய்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு நற்கருணை வாங்கினேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் பங்கின் அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்குச் செல்கிறேன். அம்மாவின் ஜெபமாலையோடு ஒரு தேக்கரண்டியும் என் பையில் இருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களிடம் முதலில், "தண்ணீர் வேண்டுமா, அம்மா?" என்றுதான் கேட்கிறேன்.