நாற்பது தப்படி தூரம்

என் நாய் செம்பாவின் வாய் மூடிவிட்டால் எனக்கு மூன்று விநாடிதான் இருக்கிறது என்று அர்த்தம். நடக்கும்போது அவள் வாய் லேசாகத் திறந்து, நாக்கு நுனி வெளியே தெரியும். வேறு நாய் கண்ணில் பட்டதும் முதலில் அந்த வாய் மூடும். அப்புறம் காது முன்னுக்கு வரும், வால் ஏறும், உடம்பு பாரமெல்லாம் முன்னங்காலுக்குப் போகும். பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். குரைப்பும் பாய்ச்சலும் இதெல்லாம் முடிந்த பிறகுதான். குரைத்த பிறகு கயிற்றை இழுத்துப் பிரயோசனம் இல்லை. நான் இரண்டு வருடம் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

கோத்தகிரியில் அரவேணு பக்கம் எங்கள் வீடு. செம்பா, கோம்பை என்கிற நாட்டு நாய் இனத்தின் கலப்பு. செந்நிற உடம்பு, கறுத்த மூஞ்சி. பத்து மாதக் குட்டியாக இருந்தபோது பஸ் ஸ்டாப் அருகே மூன்று நாய்கள் சேர்ந்து அவளைக் கீழே போட்டுக் கடித்தன. பின்னந்தொடையில் நான்கு தையல். புண் ஆறிவிட்டது. ஆனால் அதிலிருந்து எந்த நாயைப் பார்த்தாலும் இவளே முந்திக்கொண்டு பாய ஆரம்பித்தாள். திமிர் பிடித்த நாய் என்று தெருவில் பேசினார்கள். திமிர் இல்லை, அது பயம். பாய்ந்தால் எதிரே இருக்கிற நாய் விலகிப் போகிறது. அதனால் பாய்வதுதான் தனக்குப் பாதுகாப்பு என்று படித்துக்கொண்டுவிட்டாள்.

பயிற்சி கொடுக்கிறேன் என்று வந்த ஒருவர், உள்பக்கம் முள் வைத்த கழுத்துச் சங்கிலி மாட்டச் சொன்னார். உறுமினால் வெடுக்கென்று ஓர் இழுப்பு. மூன்றே வாரத்தில் உறுமல் நின்றது, எனக்கும் சந்தோஷம். அடுத்த மாதம் பக்கத்து வீட்டு நாய்மேல் சத்தமே இல்லாமல் போய் விழுந்தாள். பிரிக்கிறேன் என்று நடுவில் கையை விட்டேன். என் மணிக்கட்டில் கடித்தாள். அந்த நேரத்தில் அது யார் கை என்று அவளுக்குத் தெரியாது. சண்டைக்கு நடுவில் யாரும் கையை விடாதீர்கள்.

சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போனேன். செம்பாவுக்கு வருடாவருடம் ரேபிஸ் ஊசி போட்டிருந்தும், டாக்டர் சொன்ன தவணை ஒன்றைக்கூட நான் விடவில்லை. இங்கிருந்து குன்னூர் எவ்வளவு தூரம்? ரேபிஸ் தடுப்புக்காகத் தொடங்கிய பாஸ்டியர் நிலையம் 1907-லிருந்து அங்கே இருக்கிறது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு இன்னும் கடிவாயில் மஞ்சளை அப்பிக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை வலியால் அடக்கினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு கால்நடை மருத்துவர். முதலில் அவர் உடம்பைத்தான் பார்த்தார். வலது காதுக்குள் சீழ் வைத்திருந்தது. வலியோடு இருக்கிற உயிருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? காது சரியானதும் பாதிச் சிடுசிடுப்பு குறைந்தது. முள் சங்கிலியைக் குப்பையில் போட்டுவிட்டு மார்புக்குச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ் வாங்கினேன்.

மீதிப் பாதிக்கு மருந்து, தூரம். மற்ற நாயைப் பார்க்கவும் வேண்டும், ஆனால் என் கையிலிருந்து தின்கிற அளவுக்கு மனசு நிலையாகவும் இருக்க வேண்டும். அந்தத் தூரம் ஆரம்பத்தில் செம்பாவுக்கு நாற்பது தப்படி. முப்பத்தைந்தில் ஈரலைக்கூட முகர மாட்டாள். அதனால் நாற்பதில் நின்று, அவள் நாயைப் பார்த்த பிறகு ஒரு துண்டு ஈரல், பார்க்கப் பார்க்க இன்னொன்று. நாய் மறைந்ததும் ஈரலும் நின்றுவிடும். வரிசை மாறக் கூடாது. ஈரலை முன்னாலேயே காட்டிவிட்டால், ஈரல் வந்தால் நாய் வரப்போகிறது என்று ஈரலைக் கண்டே பயப்பட ஆரம்பித்துவிடும். நமக்கு வேண்டியது, நாய் வந்தால் நல்லது வருகிறது என்ற எண்ணம்.

சமவெளியில் என்றால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடலாம். இங்கே ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சரிவு, நடுவில் ஒற்றைப் பாதை, நான்கு எட்டுக்கு ஒரு திருப்பம். ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில் கூட்டிப் போங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கோத்தகிரியில் அந்த நேரம் கரடிக்கும் சிறுத்தைக்கும் உரியது. சிறுத்தை நாயைத்தான் முதலில் பார்க்கும். அந்தி நேரமும் அப்படித்தான். என் தையல் கடையை 11 மணிக்குத்தான் திறப்பேன். அதனால் 10 மணிக்குப் போகிறோம். அந்நேரம் கொழுந்து பறிக்கப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு நாய்கள் வெயில் காய்ந்து படுத்திருக்கும். தேயிலைத் தோட்டத்தின் மேல் விளிம்பில் ஒரு பாறை. அதில் உட்கார்ந்தால் கீழே ரோடும் நாய்களும் தெரியும், அவை மேலே வராது. எட்டு மாதம் அந்தப் பாறைதான் எங்கள் பள்ளிக்கூடம். இப்போது பதினைந்து தப்படியில் நிற்கிறாள்.

திருப்பத்தில் எதிரே நாய் வந்துவிட்டால் “வா, போலாம்” என்று உற்சாகமாகச் சொல்லித் திரும்பிவிடுவேன். அந்தச் சொல்லுக்குத் திரும்ப வேண்டும் என்பதை முதலில் வீட்டு வாசலில், நாயே இல்லாதபோது, நூறு தடவையாவது பழக்கினோம். கையில் குடை எப்போதும் இருக்கும். பாய்ந்து வருகிற நாய்க்கு முன்னால் விரித்தால் பெரும்பாலும் தயங்கி நிற்கும். உங்கள் நாய் குடைக்கு மிரளாமல் இருக்க முன்னாடியே மெதுவாக விரித்துப் பழக்குங்கள். வாய்க்கூடும் மாட்டுகிறேன். கூடை மாதிரி இருக்கிற வகை, அதற்குள் நாக்கை நீட்டி மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். உள்ளே தயிர் தடவி, அவளே மூஞ்சியை நுழைக்கும்வரை பத்து நாள் காத்திருந்தேன்.

இன்னொரு தொல்லை மனிதர்கள். நேற்றுகூட ஒருவர் தன் நாயை அவிழ்த்துவிட்டு வந்தார்.

“அண்ணா, நாயைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க.”

“அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா.”

“உங்க நாய் பண்ணாதுங்கண்ணா. என் நாய் பயந்துக்கும், பிடிச்சுக்கங்க.”

பிடித்துக்கொண்டார். இப்படிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

சில நாள் பின்னடைவும் உண்டு. போன வாரம் ராத்திரி வீட்டுக்குப் பின்னால் காட்டெருமை வந்து நின்றது, விடியும்வரை குரைத்தாள். மறுநாள் பழையபடி நாற்பது தப்படியிலேயே வாய் மூடியது. உடம்பில் ஏறிய படபடப்பு இறங்க ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அதனால் அதற்கப்புறம் இரண்டு நாள் வெளியே கூட்டிப் போகவில்லை.

ஐப்பசி வரப்போகிறது. மூடுபனி இறங்கிவிட்டால் பத்து தப்படிக்கு அப்பால் எதுவும் தெரியாது, நாய் தெரிகிறபோதே பக்கத்தில் நிற்கும். அதனால் மழை விடும்வரை பாறைப் பக்கம் போகப்போவதில்லை. பழைய சாக்கைச் சுருட்டி, மடிப்புக்குள் ஈரல் துண்டுகளை ஒளித்துக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது மூக்கை உள்ளே விட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள். வாய் திறந்திருக்கிறது.