எங்கள் தாமானில் ரோந்து தொடங்கிய கதை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் தாமான் (குடியிருப்பு). பாதிப் பேர் லயத்தை விட்டு வந்தவர்கள். மோட்டார் காணாமல் போவதும், பின்கட்டில் வைத்த கேஸ் தோங் (சிலிண்டர்) மறைவதும் வாடிக்கையாகிவிட்டது. ருக்குன் தெத்தாங்கா என்ற அண்டை அயலார் திட்டத்தின் கீழ் ரோந்து தொடங்கலாம் என்று கோயில் கமிட்டியில் பேச்செழுந்தது. விண்ணப்பப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை என் தலையில் விழுந்தது.

ருக்குன் தெத்தாங்கா 1975-லேயே வந்த திட்டம். 2012-ல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. ஒற்றுமைத் துறைதான் இதைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே போனோம், பாரம் வாங்கினோம், செயலவை அமைத்தோம், ரோந்துக்கு வருபவர்களின் ஐசி (அடையாள அட்டை) நகலைச் சேர்த்தோம். இதுவரை பெரிய சிரமமில்லை. அப்புறம் போலிஸ் தணிக்கை. பழைய வழக்கு இருக்கிறதா என்று ஒவ்வொரு பெயராகப் பார்ப்பார்கள்.

அதற்காகப் போனபோதுதான் பாலாய் (போலிஸ் நிலையம்) தலைவரோடு பழக்கம் ஏற்பட்டது. பால்மரம் வெட்டியவரின் மகன். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, உலு கிந்தாவில் போலிஸின் பொது நடவடிக்கைப் படையில் இருந்து, படிப்படியாக இன்ஸ்பெக்டர் ஆனவர். ‘துவான்’ (ஐயா) என்று ஆரம்பித்தேன். ‘அண்ணே என்றே கூப்பிடுங்கள்’ என்றார்.

எங்கள் புலம்பலைக் கேட்டுவிட்டு, தாமானின் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தார். அந்த வருடம் எங்கள் இடத்திலிருந்து ஒரே ஒரு ரிப்போர்ட்தான் இருந்தது. அதுவும் யாரோ பர்ஸைத் தொலைத்ததற்கு! ரிப்போர்ட் இல்லாத இடத்தில் திருட்டே இல்லை என்றுதான் மேலிடம் எடுத்துக்கொள்ளும், அப்புறம் ரோந்துக் கார் எதற்கு வரும் என்று கேட்டார். பாலாய்க்குப் போனால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்று நம் ஆட்கள் சும்மா இருந்துவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும். வெள்ளிக்கிழமை இரவுகளில் கோயில் மண்டபத்துக்கே வந்து உட்கார்ந்தார். மலாய் எழுத வராத பாட்டிகளிடம் என்ன போனது, எப்போது போனது என்று தமிழில் கேட்டு மலாயில் குறித்துக் கொடுத்தார். மறுநாள் அந்தத் தாளோடு போனால் முகப்பில் வேலை சீக்கிரம் முடிந்தது.

ரோந்துக்காரர்களுக்கும் அவரே வகுப்பெடுத்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, கண்ணெதிரே பெரிய குற்றம் செய்பவனைப் பொதுமக்களும் பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல் போலிஸிடம் ஒப்படைத்தாக வேண்டும், கை வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான் என்றார். இளவட்டங்களின் முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் வேறு எதையோ எதிர்பார்த்து வந்திருந்தார்கள்.

அதே பையன்களைத்தான் போலிஸில் சேரச் சொல்லி விடாமல் நச்சரித்தார். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில் மலாய் மொழிக்குக் கிரெடிட் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது என்பதால், மறுபடி எழுதச் சொல்லி இரண்டு பேரை அவரே இழுத்துப் போய்ப் பதிந்துவிட்டார். பினாங்கு மாநிலப் போலிஸ் தலைவராகத் தெய்வீகனும் அவருக்குப் பின் நரேனசாகரனும் இருந்ததை எடுத்துக்காட்டாகச் சொல்வார். பள்ளி விளையாட்டுப் போட்டியில் இதையே பேசிப் பேசிப் பிள்ளைகளை வெயிலில் காய வைத்தார். அதை மட்டும் குறைத்திருக்கலாம்.

தணிக்கை முடிந்து கடிதம் வந்ததும் ரோந்து தொடங்கியது. கொஞ்ச நாளில் ரோந்துக் காரும் தாமானுக்குள் திரும்பத் தொடங்கியது. அவருக்கு இப்போது வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக ரோந்துக்கு வருபவர்களின் பெயரைத் தணிக்கைக்கு அனுப்பிய பிறகே இறக்குகிறோம்.

உங்கள் இடத்தில் தொடங்குவதாக இருந்தால், ரிப்போர்ட் நகலை வாங்கியதும் முகவரியைப் பாருங்கள். எங்களுக்குச் சிலவற்றில் தாமான் பெயருக்குப் பதில் பழைய தோட்டத்தின் பெயரே ஏறியிருந்தது. முகப்பை விட்டு நகருமுன் சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள்.