42க்கும் 44க்கும் இடையில்: வெண்மணி ஆவணங்களைத் தேடிய அனுபவம்

1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், இராமையாவின் சிறு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த, கூலி உயர்வு கேட்டுப் போராடிவந்த தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் உயிரோடு எரிக்கப்பட்டனர். மாண்டவர்கள் எத்தனை பேர் என்ற ஒரே கேள்வியோடுதான் நான் இந்தத் தேடலைத் தொடங்கினேன். அன்றைய நாளேட்டுச் செய்தியில் 42 என்று இருந்தது. ஊரின் நினைவிடத்தில் 44 பெயர்கள் இருக்கின்றன. ஒரு கட்டுரைக்கு அடிக்குறிப்பு எழுதுவதற்காக இந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ள நினைத்தேன். சில வாரங்களில் முடியும் என்று எண்ணிய அந்த வேலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. இதே போன்ற பழைய வழக்குகளைத் தேடிச் செல்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால், நான் கடந்து வந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதங்கள் அலுவலகங்களிலேயே கழிந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வெண்மணி தொடர்பான எல்லா ஆவணங்களையும் தருமாறு ஓர் அலுவலகத்திற்கு மனு அனுப்பினேன். 30 நாட்களுக்குள் வர வேண்டிய பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகு, கோரிய ஆவணங்கள் இவ்வலுவலகத்தில் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதில் என்னை மிகவும் வருத்தியது; ஆனால் என் மனுவிலும் குறை இருந்தது என்பதைப் பின்னர் உணர்ந்தேன். எல்லா ஆவணங்களும் வேண்டும் என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு, எந்த வழக்கு எண், எந்தப் பதிவேடு என்று குறிப்பிட்டுக் கேட்டால், இருக்கிறது என்றோ எங்கே அனுப்பப்பட்டது என்றோ சொல்லியாக வேண்டும். அந்த எண்களைப் பெறுவதற்கு முதலில் தீர்ப்பைப் படிக்க வேண்டும். நான் கடைசியில் செய்ததை முதலில் செய்திருக்க வேண்டும். தீர்ப்பின் நகல் எனக்குக் கிடைத்தது எந்த அலுவலகத்திலும் அல்ல, ஒரு மூத்த வழக்கறிஞரின் வீட்டு அலமாரியில்.

நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970இல், நிலவுடைமையாளர்களின் அமைப்பான நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவராக இருந்த கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. வழக்கில் எதிரிகளாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களாக, சேர்க்கப்பட்ட 23 பேரும் மிராசுதாரர்களாக இருப்பது வியப்பளிக்கிறது என்றும், பெரும்பாலும் செல்வந்தர்களான அவர்கள் தம் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்றும் அந்தத் தீர்ப்பின் வாதம் செல்கிறது. முதல் எதிரியிடம் கார் இருந்ததும் அங்கே எடுத்துச் சொல்லப்படுகிறது. இந்த வரிகளைப் பிறர் எழுதிய கட்டுரைகளில் நான் பலமுறை படித்தவன்தான். ஆனாலும் தீர்ப்பின் பக்கத்திலேயே, முன்னும் பின்னும் சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பற்றிய அலசலோடு சேர்த்துப் படித்த அன்று, என்னால் அதற்கு மேல் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

அதே இரவில் நிலவுடைமையாளர் தரப்பைச் சேர்ந்த ஒருவரும் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் வெண்மணித் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இதைக் குறிப்பிடத் தயங்குபவர்கள் உண்டு. இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் படிக்காமல் அந்த ஊர் என்ன சுமந்தது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. வீட்டாரை நெருப்பில் இழந்த ஊரிலிருந்தே ஆண்கள் சிறைக்கும் போனார்கள்; எரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையாகி வீடு திரும்பினார்கள். கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் கொல்லப்பட்டார்.

ஊருக்குச் செல்வதை நான் வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். டிசம்பர் 25 அன்று அங்கே பெருங்கூட்டம் கூடுகிறது; மாலைகளும் கொடிகளும் உரைகளும் நிறைந்த அந்த நாள் அஞ்சலிக்கு உரியது, கேள்வி கேட்பதற்கு உரியதன்று. அறுவடை முடிந்து வேலை குறைந்த ஒரு மாதத்தில் போனேன். நான் சந்தித்த மூதாட்டி ஒருவர் முதலில் கேட்டது, இதற்கு முன் வந்து எழுதிக்கொண்டு போனவர்களெல்லாம் எழுதியதை ஏன் கொண்டுவந்து காட்டவில்லை என்பதைத்தான். என்னிடம் பதில் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான் கடைப்பிடித்த முறையை மாற்றிக்கொண்டேன். அந்த இரவைப் பற்றி நானாக ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். கூலியைப் பற்றிக் கேட்டேன். அளக்கும் மரக்காலைப் பற்றியும், யார் வயலில் யார் நடவுக்குப் போனார்கள் என்பதைப் பற்றியும், வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடை செய்தபோது என்ன நடந்தது என்பதைப் பற்றியும் கேட்டேன். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், தொழிலாளர் சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்ததும் அந்தப் பேச்சுகளில் தாமாகவே வந்து சேர்ந்தன. அரைப்படி என்பது எனக்கு அதுவரை ஒரு முழக்கத்தில் வரும் சொல்லாகவே இருந்தது. கையில் முகந்து காட்டியபோதுதான் அது எவ்வளவு சிறிய அளவு என்பது தெரிந்தது.

ஓடித் தப்பியவர்களின் துயரம் எந்த ஆவணத்திலும் இல்லை. தாக்க வந்தவர்களிடம் சிக்காமல் ஆண்கள் பலர் வயல்வெளிக்குள் ஓடினார்கள். ஓட முடியாதவர்களே குடிசைக்குள் புகுந்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை அந்த ஓட்டத்திற்குள் இருந்திருக்க வேண்டும். முதியவர் ஒருவர் என்னோடு மூன்று நாட்கள் பேசினார். உழவைப் பற்றியும், தொழிலாளர் சங்கத்தைப் பற்றியும், நிலமற்றோருக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்ட காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் முயற்சியால் நிலம் கைக்கு வந்த குடும்பங்களைப் பற்றியும் சொன்னார். ஒவ்வொரு முறையும் பேச்சு ஒரே வாய்க்கால் கரையில் வந்து நின்றுவிடும். அதற்கு அப்பால் நான் அவரை அழைத்துச் செல்ல முயலவில்லை. அந்தத் தயக்கத்திற்காக நான் இன்றுவரை வருந்தியதும் இல்லை.

இந்தக் காலத்தில்தான், 2023 செப்டம்பர் 29 அன்று, வாச்சாத்தி வழக்கில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தருமபுரி மாவட்டப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் 1992இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய வன்கொடுமைக்கு 2011இல் தருமபுரி நீதிமன்றம் அளித்த தண்டனையை அது உறுதி செய்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தனர். அங்கே பாதிக்கப்பட்ட பெண்கள் கூண்டேறிச் சொன்னதை நீதிமன்றம் நம்பியது. அந்தச் செய்தியை நான் மகிழ்ச்சியோடுதான் படித்தேன். ஆனால் வெண்மணியில் சாட்சி சொன்னவர்களின் முகங்கள் அன்று முழுவதும் மனத்தில் வந்து நின்றன.

அடுத்த முறை சென்றபோது, ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்பின் முக்கியப் பகுதிகளைத் தமிழாக்கிக் கொண்டுபோய் ஒரு திண்ணையில் அமர்ந்து வாசித்தேன். தம் ஊரைப் பற்றிய தீர்ப்பின் வரிகளை அங்கே இருந்த முதியவர்கள் பலர் முழுமையாகக் கேட்டது அதுவே முதல்முறை. கார் பற்றிய இடம் வந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு முறை வாசிக்கும்படி ஒருவர் கேட்டார். வாசித்தேன். எழுதி எடுத்த பேச்சுகளையும் அவரவரிடம் படித்துக் காட்டி, வேண்டாம் என்றவற்றை அவர்கள் முன்னாலேயே அடித்தேன். இரண்டு பக்கங்கள் முழுமையாகப் போயின. அவற்றில்தான் என் கட்டுரைக்கு மிகவும் தேவையான செய்தி இருந்தது. இருந்தும் அவை எனக்கு உரியவை அல்ல.

42க்கும் 44க்கும் இடையிலான வேறுபாட்டை எந்தத் தாளும் எனக்கு விளக்கவில்லை. என் புரிதல் இதுதான்: ஒரு தரப்பினர் அடையாளம் தெரியாமல் கருகிக் கிடந்த உடல்களை எண்ணினார்கள், ஊரார் மறுநாள் தம் வீடுகளில் இல்லாதவர்களை எண்ணினார்கள். கட்டுரையில் 44 என்று எழுதி, 42 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதை அடிக்குறிப்பில் தந்திருக்கிறேன்.

கடைசியாக, நான் தொகுத்த பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்க அந்த மூதாட்டியிடம் கொண்டுபோனேன். தேடுவதற்கு எளிதாக இருக்கும் என்று அகர வரிசைப்படி அமைத்திருந்தேன். அவர் மகள் ஒவ்வொரு பெயராக வாசிக்க, கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தச் சொன்னார். தாயை முதல் பக்கத்திலும் பிள்ளைகளை மூன்றாம் பக்கத்திலுமாக ஏன் பிரித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அன்று மாலையே திண்ணையில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல, குடும்பம் குடும்பமாகப் பட்டியலை மாற்றி எழுதினேன்.