மதுரை வெயிலுக்கு எந்த ரைடிங் ஜாக்கெட்?

சித்திரை வெயிலில் காற்றுப் புகாத ஜாக்கெட் வாங்கினால் அது ஆணியில்தான் தொங்கும். காற்றுப் புகும் வலைத்துணியால் ஆன மெஷ் ஜாக்கெட் எடுங்கள். ஆனால் தோளிலும் முழங்கையிலும் 600 டெனியர் (நூலின் கனத்தைக் குறிக்கும் அளவு) பாலியஸ்டராவது இருக்கட்டும்; விழுந்தால் முதலில் தேய்வது அந்த இடம்தான். உள் லேபிளில் இஎன் 17092, ஆர்மரில் (அடி தாங்கும் பேட்) இஎன் 1621 என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தர எண்கள் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். முதுகில் பல ஜாக்கெட்டுகளுக்கு வெறும் ஸ்பாஞ்சுதான் வரும், இரண்டு விரலால் அழுத்தினாலே நசுங்கிவிடும். அதைக் கழற்றிவிட்டு அடியை அதிகம் தாங்கும் லெவல் 2 ஆர்மர் தனியாக வாங்கிப் போடுங்கள். தயவுசெய்து இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

வண்டியில் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி முழங்கை ஆர்மரைத் திருகிப் பாருங்கள். நகர்ந்தால் ஒரு சைஸ் குறையுங்கள்.

மழை லைனர் (ஜாக்கெட்டோடு வரும் நீர் புகாத உள்ளுறை) உள்ளே இருப்பதால் வெளித்துணி நனைந்து கனக்கும். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏறும்போது நடுக்கிவிடும். மேலே போடும் ரெயின்கோட்டே போதும்.